வருவதற்கு முன் விசாரியுங்கள்: மலையகத்திலிருந்து ஒரு திறந்த மடல்

கனடாவிலும் இங்கிலாந்திலும் உள்ள நம் தமிழ்ச் சபைகளிலிருந்து, இலங்கை மலையகத்து அநாதைப் பிள்ளைகளுக்கு ஊழியம் செய்ய ஆயத்தமாகும் தம்பி தங்கச்சிமாருக்கும், உங்களை அனுப்பிவைக்கும் பாஸ்டர்மாருக்கும் ஸ்தோத்திரம். தமிழ் வாசிக்க வராதவர்கள் குழுவில் இருந்தால் யாராவது வாசித்துக் காட்டுங்கள்.

நான் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். சின்ன வயதில் ஏழு வருடம் ஒரு சிறுவர் இல்லத்தில் இருந்தவள். அப்போது அம்மா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை. அப்பா இருந்தார், சாராயக் கடையில். என்னை லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், வைத்துப் பார்க்க அம்மாவின் அம்மாவான அம்மாயிக்கு முடியவில்லை. எங்கள் இல்லத்தில் தாய், தகப்பன் இரண்டு பேரையும் பறிகொடுத்த பிள்ளைகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். ஆனால் வெளிநாட்டுக் குழு வரும் நாளில் நாங்கள் அத்தனை பேரும் அநாதைகள்.

ஒரு டிசம்பரை மட்டும் சொல்கிறேன். பள்ளிக்கூட லீவு விட்டால் வீட்டுக்குப் போகலாம். அந்த வருடம் கிறிஸ்மஸுக்குக் குழு வருகிறது, ஆள் குறையக்கூடாது என்று எங்களை நிறுத்திவிட்டார்கள். அம்மாயிக்கு விஷயம் தெரியாது. இரண்டு பஸ் மாறி, உரப்பையில் மரவள்ளிக்கிழங்கோடு வந்து கேட்டுக்கு வெளியே நின்றது. உள்ளே நாங்கள் ஆக்‌ஷன் பாட்டு பாடிக்கொண்டிருந்தோம். கையை மேலே தூக்கி ஆட்டும்போதெல்லாம் யன்னல் வழியாக அம்மாயியின் சிவப்பு ஸ்வெட்டர் எனக்குத் தெரிந்தது. வந்திருந்த அக்காமார் நல்லவர்கள். ஒருத்தர் எனக்கு அழகாகத் தலை பின்னிவிட்டார். கேட்டில் நிற்கிற கிழவி யார் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அம்மாயி கிழங்கை வாச்சரிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டது.

நீங்கள் பயணத்துக்கு எடுக்கும் வசனம் பெரும்பாலும் யாக்கோபு 1:27 ஆகத்தான் இருக்கும். நம் தமிழ் வேதாகமத்தில் அங்கே இருக்கிற சொல்லைப் பாருங்கள்: திக்கற்ற பிள்ளைகளை ‘விசாரிக்கிறது’. எங்கள் ஊரில் விசாரிப்பது என்றால் வீடு தேடிப்போய், உட்கார்ந்து, என்ன ஏது என்று கேட்பது. அதே வசனத்தில் விதவைகளும் இருக்கிறார்கள், அதாவது பிள்ளையோடு ஒரு தாயும் இருக்கிறாள்.

அந்தத் தாய் ஏன் பிள்ளையை விட்டுப் போனாள் என்று விசாரித்தால் கதை தோட்டத்துக்கு வந்து நிற்கும். 2024இல் நிர்ணயித்த அடிப்படை நாள் சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. சொன்ன கிலோ கொழுந்து வராவிட்டால் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான் விழும். இதில் கொப்பி, சப்பாத்து, பஸ் காசு எல்லாம் பார்க்க வேண்டும். 1854இல் கோப்பித் தோட்டத் தொழிலாளருக்கென்று மிஷன் தொடங்கியபோது திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசியார்கள், பெரியவர்களைத் தேடி லயத்துக்குத்தான் போனார்கள். உங்கள் அட்டவணையில் லயம் இருக்கிறதா?

சரி, ஆயத்தத்துக்கு வருவோம். பாட்டுப் பயிற்சியை ஒரு வாரம் தள்ளிவைத்துவிட்டு, போகிற இல்லத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். மாகாண நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தில் பதிவு இருக்கிறதா? எத்தனை பிள்ளைகளுக்குப் பெற்றோர் இருக்கிறார்கள்? போன வருடம் எத்தனை பேர் வீட்டுக்குத் திரும்பினார்கள்? கடைசிக் கேள்விக்குப் பதில் வராவிட்டால் டிக்கெட் போடாதீர்கள். இல்லங்களில் இப்படி வந்து போகும் தன்னார்வப் பணியால் பிள்ளைகளுக்கு வரும் கேடு பற்றி ஐ.நா. பொதுச்சபையே 2019இல் தீர்மானத்தில் பேசிவிட்டது. நான் ஒன்றும் புதிதாகச் சொல்லவில்லை.

கேடு என்றால் பெரிதாக எதையும் நினைக்க வேண்டாம். எங்களோடு இருந்த ஐந்து வயதுப் பிள்ளை, ஓர் அக்கா புறப்படும் காலையில் அவருடைய ஒற்றைச் சப்பாத்தை விறகுக் கொட்டிலில் ஒளித்துவைத்தாள். தேடி எடுத்ததும் எல்லோரும் சிரித்தார்கள், அவளைச் சப்பாத்தோடு நிற்கவைத்துப் படமும் எடுத்தார்கள். அடுத்த குழு வந்தபோது அவள் ஒருவர் மடியிலும் ஏறவில்லை.

அதனால் பிள்ளைகளோடு பத்து நாள் விளையாடும் திட்டத்தை விடுங்கள். வருடம் முழுக்க அவர்களைக் குளிப்பாட்டி, காய்ச்சலுக்கு முழித்திருக்கிற மேட்ரனுக்கு என்ன தேவை என்று கேளுங்கள். பெரும்பாலும் கேஸ் சிலிண்டர், கணக்குப் படிப்பிக்க ஓர் ஆள், பிள்ளையின் வீட்டைத் தேடிப்போக பஸ் காசு என்றுதான் சொல்வார். சனிக்கிழமை தோறும் ஒரு மணித்தியாலம், ஒரு வருடத்துக்கு இணையத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க முடிந்தால் அதற்கு விமானமே வேண்டாம். முகம் தெரிகிற படம் வேண்டாம். ஒரு பிள்ளையோடு தனி அறையில் இருக்கவும் வேண்டாம், நீங்கள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும். பிழையாக எதையாவது கண்டால் 1929க்கு அழையுங்கள். சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை எடுக்கும்.

அப்புறம் ஒன்று, பாஸ்டர்மாருக்கு. இல்லத்துப் பிள்ளைகளில் பலர் மாரியம்மன் திருவிழாவுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள். கூட்ட முடிவில் இயேசுவை ஏற்றுக்கொள்கிறவர்களைக் கை உயர்த்தச் சொன்னால் உயர்த்துவார்கள். கேக் யாருக்கு வேண்டும் என்று கேட்டாலும் அதே கையைத்தான் உயர்த்துவார்கள். அந்த எண்ணிக்கையை ஊழிய அறிக்கையில் போடாதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் வர மனமிருந்தால் வாருங்கள். யூலையில் மழையும் அட்டையும் இருக்கும், தடித்த ஸ்வெட்டரும் அட்டைக்குப் போடக் கொஞ்சம் உப்பும் கொண்டுவாருங்கள். ஹட்டன் ஸ்டேஷனில் இறங்கினால் நானே லயத்துக்குக் கூட்டிப்போகிறேன், ரொட்டியும் கட்டச் சம்பலும் கிடைக்கும். டிசம்பரில் மட்டும் வராதீர்கள். அது பிள்ளைகள் வீட்டுக்குப் போகிற மாதம்.

இப்படிக்கு,
ஹட்டனிலிருந்து ஓர் ஆசிரியை