ஆகஸ்டில் வருவது வேறு பண்டிகை

ஐயா, பார்சி புத்தாண்டு குறித்த தங்கள் செய்தி, மார்ச் 21-இல் வரும் வசந்தகாலப் புத்தாண்டான ஜம்ஷெதி நவ்ரோஸையும் ஆகஸ்ட் புத்தாண்டையும் ஒன்றாக்கிவிட்டது. இந்தியப் பார்சிகளில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஹென்ஷாஹி நாட்காட்டியில் 30 நாள் கொண்ட 12 மாதங்கள், இறுதியில் 'காதா' எனப்படும் 5 கூடுதல் நாட்கள். லீப் நாள் கிடையாது. அதனால் புத்தாண்டு நான்கு ஆண்டுக்கு ஒரு நாள் முன்னே நகர்கிறது: 2023-இல் ஆகஸ்ட் 16, 2024 முதல் 15, 2028-இல் 14.

மும்பைப் பார்சி வீடுகளில் அன்று காலை, துளையிட்ட தகர டப்பாவால் வாசலில் மீன் வடிவச் சுண்ணப்பொடிக் கோலம் பதிப்பார்கள். நெய்யில் வறுத்த சேமியாவில் 'சேவ்', உடன் இனிப்புத் தயிர். பிறகு அக்னி ஆலயத்தில் சந்தனக்கட்டை காணிக்கை. புத்தாண்டுக்கு முந்தைய முக்தாத் நாட்களோ முன்னோருக்கானவை. அப்போது புத்தாண்டு வாழ்த்து வெளியிடுவது பொருந்தாது. வாழ்த்தைப் புத்தாண்டு நாளன்றே வெளியிடுங்கள். தங்கள் நாட்காட்டியிலும் இரு பண்டிகைகளையும் தனித்தனியே குறிப்பிட வேண்டுகிறேன்.

– வாசகர், மாதுங்கா, மும்பை