எந்த லட்சுமிக்கு ஊசி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஒரு தனியார் மருத்துவமனையின் முதியோர் வார்டைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தீர்கள். அங்கே இருக்கும் நர்ஸ் பெண்கள் நோயாளிகளை ‘செல்லம்’, ‘தங்கம்’, ‘குட்டிம்மா’ என்றுதான் கூப்பிடுகிறார்களாம், பெயரே சொல்வதில்லையாம். அதற்கு ஒரு பாராட்டு வேறு! பெயர் சொல்லாத வார்டு என்று படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. 31 வருடம் வார்டில் நின்றவள் நான். உங்களுக்குத் தெரியாததைச் சொல்லப்போவதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகாத பத்திரிகைக்காரர் உண்டா?

இருபது கட்டில் உள்ள பெண்கள் வார்டு என்றால் எந்த நாளும் இரண்டு லட்சுமியாவது இருப்பார்கள். சரோஜா, மாரியம்மாள் கணக்குத் தனி. இனிஷியலை நம்பலாம் என்றால், பழைய ஸ்கேன் கவரில் அப்பா பெயரின் ‘கே’ இருக்கும், புது ஓ.பி. சீட்டில் வீட்டுக்காரர் பெயரின் ‘எம்’ இருக்கும். பிறந்த தேதி கேட்டால் “பெரிய புயல் அடிச்ச வருஷம்” என்பார்கள், ஆதாரிலும் பலருக்கு வருடம் மட்டும்தான். அதனால்தான் பெயரோடு ஐ.பி. நம்பரையும், அதாவது வார்டில் சேரும்போது தரும் உள்நோயாளி எண்ணையும், சேர்த்துப் பார்ப்பது. மருந்து கொடுக்கும் முன்பும் ரத்தம் எடுக்கும் முன்பும் குறைந்தது இரண்டு அடையாளங்களைச் சரிபார்க்க வேண்டும், அறை எண் அதில் சேராது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-லேயே சொல்லிவிட்டது. அறை எண்ணே சேராதபோது ‘செல்லம்’ எதில் சேரும்?

கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. “நீங்க லட்சுமிதானே?” என்று கேட்கவே கூடாது. காது மந்தமானவர், தூக்கக் கலக்கத்தில் இருப்பவர், சிஸ்டர் கோபித்துக்கொள்வாரோ என்று பயப்படுபவர், மூவரும் “ஆமாம்மா” என்றுதான் சொல்வார்கள். “உங்க பேரைச் சொல்லுங்கம்மா” என்று கேட்டு, அவர் வாயாலேயே வரவழைத்து, கைப்பட்டையில் இருக்கும் நம்பரையும் கேஸ் ஷீட்டில் இருக்கும் நம்பரையும் ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் சிரிஞ்சைத் தொட வேண்டும். மொத்தமாக அரை நிமிடம் ஆகும். “செல்லம், ஊசி போட்டுக்கலாமா?” என்று வாசலில் நின்று ராகம் போட்டால் இரண்டு கட்டிலிலிருந்தும் கை நீளும்.

நீண்ட கை தப்பான கையாக இருந்தால் என்ன ஆகும் என்பதையும் எழுதிவிடுகிறேன். இங்கே குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட், அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். 100 யூனிட்டுக்கு ஆரஞ்சு மூடி. இவற்றை மாற்றாமல் எடுக்கவே புதிதாக வரும் பிள்ளைகள் திணறுவார்கள். அளவு எல்லாம் சரியாக எடுத்து, சுகரே இல்லாத லட்சுமிக்குப் பத்து யூனிட் போட்டாயிற்று என்று வையுங்கள். சாதாரண இன்சுலின் அரை மணியில் வேலையைத் தொடங்கிவிடும். வேர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். இருதயத்துக்கென்று பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் படபடப்பும் நடுக்கமும் வெளியே தெரியாது, வேர்வை மட்டும்தான். ‘குட்டிம்மா அசந்து தூங்குது’ என்று போர்வையை இழுத்துவிட்டுப் போய்விடுவார்கள். சுகர் 70-க்குக் கீழே இறங்கி, ஆள் நினைவோடு இருந்தால் 15 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து விரலில் குத்தி மறுபடி சுகர் பார்க்க வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரை ஏறும். டிரிப் ஊசி வழியாக டெக்ஸ்ட்ரோஸ் என்கிற குளுக்கோஸ் திரவம்தான். இத்தனை ஓட்டமும் அந்த அரை நிமிடத்தை மிச்சம் பிடித்ததற்கு.

பிளட் பேங்குக்கு ரத்த மாதிரி அனுப்புவதும் அப்படியே. குழாயில் பெயரைக் கட்டில் பக்கத்திலேயே நின்று எழுத வேண்டும். நர்ஸ் மேஜைக்கு எடுத்துப் போய் மொத்தமாக எழுதினால் குழாய் மாறும். மாறினால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது அந்தக் கொஞ்சல் குரல். வயதானால் காதில் முதலில் போவது கீச்சென்ற ஓசைகள்தான். நம் பெண்கள் குழந்தையிடம் பேசுவதுபோல் குரலை மேலே ஏற்றி இழுத்து இழுத்துப் பேசினால், பாவம், அவருக்குக் கேட்டுக்கொண்டிருந்ததும் கேட்காமல் போகும். குரலைத் தாழ்த்தி, மூன்றடி தூரத்தில் எதிரே நின்று, வெளிச்சம் நம் முகத்தில் விழும்படி வைத்துக்கொண்டு, சின்னச் சின்ன வாக்கியமாகப் பேச வேண்டும். முடிந்த இடத்தில் மாஸ்க்கை இறக்கினால் உதட்டைப் பார்த்தாவது புரிந்துகொள்வார். காது மெஷின் போட்டவர் என்றால் முதலில் பேட்டரி இருக்கிறதா என்று பாருங்கள். பாதிச் ‘செல்லம்’ அந்தப் பேட்டரியோடு தீர்ந்துவிடும்.

“நாம சாப்பிட்டோமா? நாம ஊசி போட்டுக்கலாமா?” என்று ஒரு மொழி கிளம்பியிருக்கிறது. தமிழில் நாம் வேறு, நாங்கள் வேறு. ஊசி யாருக்கு? சிஸ்டருக்கும் சேர்த்தா?

மறதிநோய் வந்தவர்களிடம் இது இன்னும் மோசம். அமெரிக்காவில் கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டின் வில்லியம்ஸ் குழு, முதியோர் இல்லங்களில் பணிவிடை நடப்பதை வீடியோ எடுத்துப் பார்த்து 2009-இல் எழுதியது. கொஞ்சல் மொழியில் பேசும்போது முதியவர்கள் முகத்தைத் திருப்புவதும் கையைத் தட்டிவிடுவதும் கத்துவதும், சாதாரணமாகப் பேசும்போது இருந்ததைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அப்படிக் கையைத் தட்டுகிறவருக்குத்தான் நம் ஊரில் ‘பாட்டி ரொம்ப அடம்’ என்று பெயர். ஆபரேஷன் முடிந்த இரவில் புத்தி தடுமாறுகிறவருக்கு அவர் பெயர், இருக்கும் இடம், கிழமை மூன்றையும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். இருக்கும் ஒரே பிடிமானமான பெயரையும் பிடுங்கிக்கொண்டு ‘தங்கம்’ என்றால் அவர் எதைப் பிடித்துக்கொண்டு திரும்பி வருவார்?

அன்பால் சொல்வது என்பீர்கள். அன்பு ஏன் ஸ்பெஷல் வார்டுக்கு மட்டும் லிஃப்ட் ஏறுவதில்லை? ஏ.சி. அறையில் படுத்திருக்கும் ரிட்டயர்டு அதிகாரியை எந்தப் பிள்ளையாவது ‘குட்டி’ என்று கூப்பிட்டுப் பார்க்கட்டும். அங்கே சார், மேடம். ஜெனரல் வார்டில் செல்லம். அதையும் தாண்டி வராந்தாவில் பாய் போட்டுப் படுத்திருப்பவருக்கு ‘ஏய் கிழவி, தள்ளு’. வாடகைக்குத் தக்க வாய். அம்மா, ஐயா என்று அழைப்பதை நான் சொல்லவில்லை, அது நம் ஊர் மரியாதை. பக்கத்தில் ஒரு ‘ங்க’ இருந்தால் போதும். ஐம்பத்தெட்டு வயதுக்காரியைப் ‘பாட்டி’ என்பதும், எழுபது வயதுக்காரரை ‘வாடா ராஜா’ என்பதும் அந்தக் கணக்கில் வராது.

எழுத உட்கார்ந்தாயிற்று, உங்கள் பத்திரிகையையும் கேட்டுவிடுகிறேன். அரசு வேலையில் ஓய்வு வயது 60. அறுபது முடிகிற அன்று மாலை வரை அவர் ‘அதிகாரி’. மறுநாள் சாலையில் ஸ்கூட்டர் இடித்தால் உங்கள் செய்தியில் ‘மூதாட்டி படுகாயம்’. அதே வயதில் கட்சிப் பொறுப்புக்கு வருகிறவர் ‘இளம் தலைவர்’. எங்கள் தொழிலை வைத்து எத்தனை வருடம் டாக்டர், நர்ஸ் ஜோக் போட்டீர்கள்! ஒவ்வொன்றுக்கும் ஒரு படம், ஒவ்வொரு படத்திலும் எங்கள் முழங்காலுக்கு மேலே ஏறிய கவுன். அதைப் படித்து வளர்ந்தவர்கள் நோயாளிக்குத் துணையாக வந்து நின்று, இருபத்திரண்டு வயதுப் பெண்ணை “ஏம்மா பாப்பா, டாக்டர் எப்ப வருவாரு?” என்று கேட்பார்கள். பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருடம் படித்த பாப்பா. இங்கே பாப்பா என்று வாங்கியதைத்தான் அவள் உள்ளே போய்க் ‘குட்டி’ என்று திருப்பிக் கொடுக்கிறாள் போலிருக்கிறது.

மருத்துவமனைகளுக்கு நான் கேட்பது ஒரு வரி. அட்மிஷன் தாளில் பெயருக்குக் கீழே ‘எப்படி அழைக்கலாம்?’ என்று ஒரு கட்டம் போடுங்கள். அவரையே கேட்டு எழுதுங்கள், கூட வந்த மகனைக் கேட்டு அல்ல. ஷிப்ட் மாறிச் சார்ஜ் கொடுக்கும்போது அதையும் வாசியுங்கள்.

உங்களிடம் கேட்பது அதைவிடச் சின்னது. அந்தக் கட்டுரையின் படத்தில் ஐந்து பேர் இருக்கிறார்கள். டாக்டர் பெயர் பட்டத்தோடு, நிர்வாகி பெயர் பதவியோடு, இரண்டு செவிலியர் பெயர் இனிஷியலோடு. நடுவில் கட்டிலில் இருப்பவர் மட்டும் ‘வார்டின் செல்லப் பாட்டி’. அடுத்த இதழில் திருத்தம் போடுங்கள், அவரிடம் கேட்டுவிட்டு. சம்மதித்தால் பெயரை இனிஷியலோடு போடுங்கள். வேண்டாம் என்றால் ‘நோயாளி ஒருவர்’ போதும்.

என் பெயரையும் முகவரியையும் தனித்தாளில் இணைத்திருக்கிறேன். இதை வெளியிடும்போது கீழே ‘நர்ஸ் பாட்டி’ என்று போட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் கண்காணிப்பாளர்,
கும்பகோணம்.