வெள்ளிக்கிழமைக் கதை நேரம் குறித்துப் பெற்றோர்களுக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு முடிந்து விடைத்தாள்களும் கொடுத்தாகிவிட்டது. குறுவட்டக் கபடியில் நம் பிள்ளைகளுக்கு இரண்டாம் இடம். கலைத் திருவிழாவில் வில்லுப்பாட்டுக் குழு மாவட்டம் வரை போய் வந்தது. மழைக்கு ஒழுகிக்கொண்டிருந்த ஏழாம் வகுப்புக் கூரையைப் பெற்றோர் ஆசிரியர் கழகத்தார் சரிசெய்து கொடுத்தார்கள். எல்லாருக்கும் பாராட்டும் நன்றியும். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையை ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு நூலகத்தில் கதை நேரமாக வைத்திருக்கிறோம். அதை எடுத்துவிட்டுக் கணக்குக்குக் கொடுங்கள் என்று பெற்றோர்கள் 23 பேர் கையெழுத்திட்ட மனு என் மேசையில் இருக்கிறது. நான் அதை அலட்சியம் செய்யவில்லை. கணக்கில் மதிப்பெண் குறைந்திருப்பது உண்மை, எனக்கும் அது உறுத்தல்தான், ஏனென்றால் நானும் அடிப்படையில் கணக்கு வாத்தியார். அதனால் பள்ளி திறந்ததும் செவ்வாய், வியாழன் காலை 8.30 மணிக்குக் கூடுதல் கணக்கு வகுப்பு உண்டு, நானே எடுக்கிறேன். ஆனால் கதை நேரம் அதே இடத்தில் இருக்கும்.

கணக்கா கதையா என்று கேட்கிறவர்களுக்கு எங்கள் கணக்கு வாத்தியார் வர்க்கத்திலேயே ஒருவரைச் சொல்கிறேன். சீர்காழிக்காரர் எஸ்.ஆர்.ரங்கநாதன் சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் நடத்திக்கொண்டிருந்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் போனார். போன கொஞ்ச நாளிலேயே வேலை சலித்துப்போய், என்னைத் திரும்பக் கணக்கு நடத்தவே அனுப்பிவிடுங்கள் என்று கேட்டிருக்கிறார். முதலில் லண்டன் போய் நூலகப் படிப்பைப் படித்துவிட்டு வா, அப்புறமும் சலித்தால் பார்க்கலாம் என்றார்கள். அங்கே ஊர் ஊராக நூலகங்களில் சாதாரண மனிதர்களும் குழந்தைகளும் புத்தகமும் கையுமாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவர், திரும்பி வந்து இருபது வருடம் அந்த நூலகத்தை விட்டு நகரவில்லை. இன்று நூலகத் துறையில் உலகம் முழுக்கப் படிக்கிற ஐந்து விதிகளை 1931இல் புத்தகமாகக் கொண்டுவந்தவர் அவர்தான். கணக்குப் புத்தி அவரிடமிருந்து எங்கும் போய்விடவில்லை.

மனுவில் எழுதாத இன்னொரு காரணமும் உண்டு. அதைச் சிலர் நேரில் வந்துதான் சொன்னார்கள். ஒரு மாணவியின் அப்பா (அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன்) தயங்கித் தயங்கிச் சொன்னார்: "சார், கதை படிக்க ஆரம்பிச்சதுலேர்ந்து பொண்ணு கேள்வி கேக்குறா. அம்மா மட்டும் ஏன் கடைசில சாப்பிடுறாங்கன்னு கேக்குறா." எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இரண்டு டீ வாங்கி வரச் சொன்னேன். அவர் போன பிறகு அந்தப் பிள்ளை எடுத்துப் போன புத்தகத்தைத் தேடி வாசித்தேன். அதில் அம்மாவே இல்லை, அது ஒரு கிழட்டு வண்டிக் குதிரையின் கதை. ஊரே சுமையை அதன் மேல் ஏற்றுகிறது, மாடெல்லாம் தின்று முடித்த பிறகு மிச்சமிருக்கிற புல் அதற்கு, அவ்வளவுதான். அந்தக் குதிரையை அந்தப் பிள்ளை தானாகவே தன் வீட்டு அடுக்களையில் கண்டுபிடித்திருக்கிறாள். "அம்மாவுக்கு உதவியாக இரு" என்று காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நான் பத்து வருடமாகச் சொல்லிவருகிறேன், ஒரு பிள்ளைகூட இப்படி ஒரு கேள்வியோடு வீட்டுக்குப் போனதாகத் தெரியவில்லை. அறிவுரை என்றால் பிள்ளைகள் காதை மூடிக்கொள்கிறார்கள். கதையில் யாரும் அவர்களைக் குற்றம் சொல்வதில்லை என்பதால் உள்ளே போய்விடுகிறார்கள், போனவர்கள் போன மாதிரியே திரும்பி வருவதில்லை. பெருக்கல் வாய்ப்பாடே சிரமப்பட்டுத்தான் வந்தது என்று எழுதிய காந்தி, சிறுவயதில் பார்த்த அரிச்சந்திர நாடகத்தைத் தனக்குள் எத்தனையோ முறை நடித்துப் பார்த்ததாகவும் எழுதியிருக்கிறார். அதற்காக நம் பிள்ளைகளெல்லாம் காந்தி ஆகிவிடுவார்கள் என்று சொல்ல வரவில்லை. போன வெள்ளிக்கிழமை கதை கேட்டு உருகிய அதே எட்டாம் வகுப்புதான் திங்கட்கிழமை குடிநீர்க் குழாயை உடைத்தது.

கேள்வி கேட்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் சங்கடம்தான், எனக்குத் தெரியும், என் வீட்டிலும் இரண்டு இருக்கின்றன. ஆனால் ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சென்ற மாதம் ஒரு நூலகப் புத்தகம் இரண்டாகக் கிழிக்கப்பட்டுப் பிள்ளையின் பையிலேயே திரும்பி வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை இடைவேளை முழுக்க நூலக வாசலில் நின்றது, உள்ளே வரவில்லை. இது இனி நடக்கக் கூடாது. உங்கள் கோபம் என் மேல் என்றால் மாலை 4 மணிக்கு மேல் என் அறைக் கதவு திறந்தே இருக்கிறது, வந்து திட்டுங்கள். பிள்ளையின் கையில் இருக்கிற புத்தகத்தில் அதைக் காட்டாதீர்கள். கதைப் புத்தகம் எடுத்ததற்காக எந்தப் பிள்ளையையும் அடித்தார்கள் என்று தெரிய வந்தால், அதைப் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குக் கொண்டுபோவேன்.

கடுமையாக எழுதிவிட்டேனோ என்று இருக்கிறது. இதைப் படிக்கிற பெரும்பாலானவர்களுக்கு இது பொருந்தாது. கிழிந்த புத்தகங்களுக்கு வீட்டிலேயே அட்டை போட்டு ஒட்டி அனுப்புகிற அம்மாக்களுக்கும், ஒரு வெள்ளிக்கிழமை வந்து பேய்க்கதை சொல்லி ஆறாம் வகுப்பையே அலறவிட்ட பாட்டிக்கும் நன்றி. (பாட்டி, திரும்ப வாருங்கள், பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.) மனுவில் கையெழுத்திட்ட 23 பேருக்கும் நன்றி, பிள்ளைகளின் படிப்பைப் பற்றிய அக்கறை இல்லாமல் யாரும் மனு எழுதுவதில்லை.

அந்த மாணவியின் அப்பா போன வாரம் வந்து, அடுத்த புத்தகத்துக்குத் தானே கையெழுத்துப் போட்டு வாங்கிப்போனார். வீட்டில் இப்போது யார் கடைசியில் சாப்பிடுகிறார்கள் என்று நான் கேட்கவில்லை.

பள்ளி திறக்கும் அன்று வீட்டில் இருக்கிற நூலகப் புத்தகங்களைப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புங்கள், கணக்கெடுக்க வேண்டும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்