87.45 என்று எழுதிய தம்பிக்கு

தம்பி,

உன் பெயரை இங்கே போடவில்லை. உன்னோடு வேலை பார்ப்பவர்கள் கண்ணிலும் இது படலாம். நாளை முதல் நீ புள்ளியியல் பாடம் நடத்தப்போகிறாயாமே, அதனால்தான் எழுதுகிறேன்.

அன்று என் வகுப்பில் வந்த அந்தக் கணக்கு: ஆஸ்திரேலிய கிரிக்கெட் வீரர் பிராட்மேனின் பேட்டிங் சராசரி என்ன? டெஸ்டில் 80 இன்னிங்ஸ், 6996 ரன், 10 முறை நாட் அவுட். நீ 80ஆல் வகுத்து 87.45 என்றாய். நான் அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, அவுட்டான 70 முறையால் வகுத்து 99.94 என்று எழுதினேன். "எண்ணிக்கையால வகுக்கணும்னு நீங்கதானே சார் சொன்னீங்க?" என்று எழுந்து நின்றாய். "உட்காரு" என்றேன்.

உன் கேள்வி சரி. மன்னித்துவிடு. பாடத்தை முடிக்கும் அவசரத்தில் இருந்தேன். ஆனால் நீயும் மறுபடி வந்து கேட்கவே இல்லையே? மற்றவர்களிடம் சொல்லிக்காட்ட மட்டும் தெரிந்தது.

போகட்டும். நாளை பிராட்மேனில் ஆரம்பிக்காதே, எண்கள் பெரிது. ஐந்து ஸ்கோர் போதும்: 12, 45, 0, 103 நாட் அவுட், 20. கூட்டினால் 180. ஐந்து இன்னிங்ஸால் வகுத்தால் 36. அவுட்டான நான்கு முறையால் வகுத்தால் 45. இடைநிலை அளவு, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது, 20. மூன்றையும் பலகையில் எழுதிவிட்டு, அடுத்த மேட்சுக்கு எதை நம்பலாம் என்று கேள். பத்து நிமிடம் அவர்களே சண்டை போடட்டும்.

யாராவது 103ஐத் தூக்கிவிடலாம் என்பார்கள். தூக்கிக் காட்டு: மிச்சம் 77, நான்கால் வகுத்தால் 19.25. சதம் அடித்தவனுக்கு அதுவா சராசரி? அதை முடிந்த ஸ்கோராக எடுத்தாலும் பிழைதான். ஆட்டம் முடிந்தது, அவன் முடியவில்லை. அவுட்டால் வகுக்கும்போது, எத்தனை ரன்னில் நின்றாலும் அவுட்டாகும் வாய்ப்பு ஒன்றே என்று எடுத்துக்கொள்கிறோம். கண் பழகாத முதல் சில பந்துகளில் அது பொருந்தாது. இதை அன்றே உனக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டாம் நாள் காகித உருண்டையைக் கூடைக்குள் எறியவிடு. ஆளுக்கு 20 எறி, கோட்டைத் தரையில் வரைந்துவிடு. இல்லாவிட்டால் ஒவ்வொருவரும் ஓரடி முன்னே வந்துவிடுவார்கள். 14 போட்டவன் மறுமுறை 10 போட்டால் "சோர்ந்துட்டான்" என்பார்கள். உடனே நாணயம் சுண்டவை. 40 பேர் ஆளுக்கு 20 முறை சுண்டினால், சராசரியாக இரண்டு பேருக்கு 14 அல்லது அதற்கு மேல் தலை விழும். நாணயத்துக்கு ஏது திறமை?

யாராவது 87.45 என்று எழுதினால் அடிக்காதே, கண்ணு. பக்கத்தில் 'ஓர் இன்னிங்ஸுக்கு' என்று எழுது. 99.94க்குப் பக்கத்தில் 'ஒரு முறை அவுட்டாக' என்று எழுது.