டொராண்டோவிலிருந்து அப்பாவுக்கு: இந்த வருடம் படித்தவை

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? போன கடிதத்தில், "குளிரும் வேலையும் விட்டால் உனக்கு வேறு சங்கதியே இல்லையா, என்ன படித்தாய் என்று ஒரு வரி கூடக் காணோமே" என்று கேட்டிருந்தீர்கள். சரி, இந்தக் கடிதம் முழுக்க அதுதான்.

முதலில், படிக்க இங்கே எனக்குக் காசே செலவாவதில்லை. டொராண்டோ பொது நூலகத்துக்கு நகரம் முழுவதும் 100 கிளைகள். எங்கே இருக்கும் புத்தகமானாலும் பதிந்துவைத்தால் நம் வீட்டுப் பக்கத்துக் கிளைக்கு வந்துவிடும். தாமதமாகத் திருப்பினாலும் 2022-லிருந்து அபராதம் கிடையாது. ஸ்கார்பரோ பக்கத்துக் கிளைகள் சிலவற்றில் தமிழுக்கென்றே அலமாரிகள் இருக்கின்றன. ஈழத்திலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்கள் இந்த ஊரில் ஊன்றிய கால்தான் அதற்குக் காரணம். பின்னால் வந்த என் போன்றவர்கள் அந்த நிழலில் உட்கார்ந்து படிக்கிறோம். வேலைக்குப் போகவர ரயிலில் ஆகும் நேரம் என் படிப்பு நேரம்.

நம்ம ஊர்க்காரர் ப. சிங்காரத்தைப் பற்றி நீங்கள் எத்தனை தடவை பேசியிருப்பீர்கள்! 'புயலிலே ஒரு தோணி'யை இங்கே வந்துதான் முழுதாகப் படித்தேன். சிங்கம்புணரியில் பிறந்து, 18 வயதில் சுமத்ராவில் உள்ள மேடானுக்குக் கப்பலேறிப் போன மனிதர், அங்கே செட்டியார் கடைகளில் வேலை பார்த்த அடுத்தாட்களையும் பெட்டியடிப் பையன்களையும் கண்முன் நிறுத்துகிறார். ஜப்பான்காரன் நுழைந்த மேடான், புயலில் சிக்கிய தொங்கான் என்ற பாய்மரக் கப்பல், பினாங்கு, நேதாஜியின் படை எல்லாம் வருகிறது. ஆனால் என்னைப் பிடித்து உலுக்கியது கதாநாயகன் பாண்டியன் ஊர்ச் சந்தையை நினைத்துப் பார்க்கும் இடம்தான். தெருத்தெருவாக, கடை கடையாக ஓடுகிறது. படித்துக்கொண்டிருக்கும்போதே சேவுகப்பெருமாள் கோயில் பக்கமும் கயிறு திரிக்கும் இடங்களும் எனக்கு வந்து நின்றுவிட்டன. இறங்க வேண்டிய ஸ்டேஷனைத் தாண்டிப் போய்விட்டேன். இந்த நாவல் 1972-ல் வெளியானது. அதற்கு முன்னே எத்தனை வருடம் பதிப்பாளர்கள் வாசலில் அது காத்துக் கிடந்தது என்று நீங்கள் சொன்னதை நினைத்தால் இன்னும் வயிறெரிகிறது.

இந்த வருடத்தில் எனக்கு எல்லாவற்றுக்கும் மேலே நிற்பது ஒரு கனடிய நாவல். மைக்கேல் ஒண்டாச்சி எழுதிய 'இன் தி ஸ்கின் ஆஃப் எ லயன்', 1987-ல் வந்தது. கொழும்பில் பிறந்து 1962-ல் கனடாவுக்கு வந்தவர். கதை நடப்பது இதே டொராண்டோவில். டான் பள்ளத்தாக்குக்குக் குறுக்கே 1918-ல் திறந்த பெரிய பாலம் ஒன்று இருக்கிறது. அதைக் கட்டிய மாசிடோனியாக்காரர்களும் இத்தாலிக்காரர்களும்தான் கதைமாந்தர்கள். நிக்கோலஸ் டெமெல்காஃப் என்று ஒருவன், பாலத்துக்கு அடியில் கயிற்றில் தொங்கியபடி வேலை செய்கிறான். மற்றவர்களுக்கு மணிக்கு 40 சென்ட் கூலி, இவனுக்கு ஒரு டாலர், ஏனென்றால் வேறு யாருக்கும் அந்த இடத்துக்குப் போகத் துணிச்சலில்லை. ஓர் இரவு காற்றில் பாலத்திலிருந்து விழும் கன்னிகாஸ்திரீயை அந்தரத்தில் எட்டிப் பிடிக்கிறான். தோள்பட்டை மூட்டு நழுவிவிடுகிறது. பாலத்துக்கு எத்தனை வாளி மணல் போனது என்பது நகர ஆவணங்களில் இருக்கிறது, கட்டினவர்களைப் பற்றித்தான் ஒன்றுமில்லை என்று ஒண்டாச்சி ஒரு பேட்டியில் மனம் கொதித்துச் சொல்லியிருக்கிறார். இதில் என்ன விசேஷம் என்றால், அந்தப் பாலத்தின் கீழ்த்தளத்தில்தான் 1966-லிருந்து என் ரயில் ஓடுகிறது! பிராட்வியூ ஸ்டேஷனைத் தாண்டியதும் சட்டென்று வெளிச்சம் வரும், கீழே மரங்களும் நெடுஞ்சாலையும் தெரியும். இப்போதெல்லாம் அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு ஜன்னலோரம் பார்க்கிறேன். இந்த ஊரை எனக்குப் பழக்கிவிட்டது வேலையும் வீடும் அல்ல, இந்தப் புத்தகம்தான்.

அடுத்தது ஜாய் கோகாவாவின் 'ஒபாசான்' நாவல். இதை மெதுவாகத்தான் படிக்க முடிந்தது. 1942-ல் கனடாவின் மேற்குக் கரையில் இருந்த ஜப்பானிய வம்சாவளியினர் 20,000 பேருக்கு மேல் வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். பெரும்பாலோர் இங்கேயே பிறந்த குடிமக்கள். படகு, வீடு, கடை எல்லாவற்றையும் அரசே பறித்து விற்றது. போர் முடிந்த பிறகும் 1949 வரை கரைப்பக்கம் திரும்ப விடவில்லை. கோகாவாவே அப்படி அனுப்பப்பட்ட குழந்தைகளில் ஒருவர். ஆல்பர்ட்டாவில் சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கு வயலோரம் கோழிக்கூண்டு போன்ற குடிசையில் ஒரு குடும்பம் அடைபட்டுக் கிடப்பதை அவர் எழுதியிருக்கும் பக்கங்களை என்னால் ஒரே மூச்சில் தாண்ட முடியவில்லை. 1988-ல்தான் அரசு மன்னிப்புக் கேட்டது. இங்கே எல்லோரும் நல்லவர்கள், அமைதியான நாடு என்று நான் எழுதுவதெல்லாம் உண்மை அப்பா. இதுவும் உண்மை. இரண்டையும் தெரிந்துகொண்டு இங்கே இருப்பதுதான் சரியென்று படுகிறது.

கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' நாவலை மறுபடி படித்தேன். முன்பு அதில் கதைசொல்லும் அழகுதான் தெரிந்தது. இந்த முறை, ஆந்திரத்திலிருந்து உயிருக்குப் பயந்து ஓடிவந்து கரிசல் காட்டை எரித்து நிலமாக்கியவர்களின் கதையாகத் தெரிந்தது. மங்கத்தாயாரு பாட்டி இல்லையென்றால் அந்த வழியெல்லாம் யாருக்குத் தெரிந்திருக்கும்? அ. முத்துலிங்கத்தின் சிறுகதைகளும் கொஞ்சம் படித்தேன். இதே டொராண்டோவில் இருப்பவர். சிரிக்க வைத்துக்கொண்டே இருப்பார், முடிவில் தொண்டையை அடைக்கும். கோடையில் ஒரு தடித்த ஆங்கில நாவலை எடுத்து, பிடிக்காமல் பாதியில் திருப்பிக் கொடுத்தேன். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

பார்த்தீர்களா, நான் திட்டம் போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனாலும் மனதில் நின்றவை எல்லாமே இடம் பெயர்ந்தவர்களின் கதைகளாக அமைந்துவிட்டன.

அப்புறம் ஒரு வேண்டுகோள். தம்பியின் நண்பர் தை மாதம் இங்கே வருவதாகச் சொன்னானே, அவரிடம் 'கோபல்ல கிராம'த்தின் தொடர்ச்சியான 'கோபல்லபுரத்து மக்கள்' கொடுத்தனுப்புங்கள். நம் ஊர்ப்பக்கம் மலேயா, பர்மா போய்த் திரும்பியவர்கள் பற்றித் தாத்தா சொன்னதாகச் சில கதைகள் சொல்வீர்கள். யார் எந்த வருடம் போனார்கள், யார் திரும்பவில்லை என்று நினைவில் இருக்கும் வரை எழுதி அனுப்புங்கள். எவ்வளவு நீளமானாலும் பரவாயில்லை.

உங்கள் அன்பு மகள்