கலாபகோஸ் கப்பல்காரர்களுக்கு: நெருக்கத்தை விற்காதீர்கள்

பசிபிக் கடலில், ஈக்வடாருக்குச் சொந்தமான கலாபகோஸ் தீவுகளைச் சுற்றிச் சிறு கப்பல் ஓட்டும் உரிமையாளர்களுக்கு,

வணக்கம். உங்களில் ஒருவருடைய கப்பலில் பதினைந்து நாள் இருந்துவிட்டு வந்தவன் நான். எந்தக் கப்பல் என்று சொல்லப்போவதில்லை. நான் பேச வந்த விஷயம் அந்த ஒரு கப்பலோடு முடிவதில்லை என்று நினைக்கிறேன்.

கடைசி இரவு சாப்பாட்டு மேசையில் எங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு தாளும் ஒரு உறையும் வைத்திருந்தார்கள். உறை, வழிகாட்டிக்கு டிப்ஸ் போட. தாளில் கேள்விகள். சாப்பாடு எப்படி, அறை எப்படி, குளியலறையில் வெந்நீர் வந்ததா, இப்படி. நடுவில் ஒரு கேள்வி: விலங்குகளுக்கு எவ்வளவு அருகில் போக முடிந்தது? ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போட வேண்டும். ஐந்து என்றால் மிக அருகில்.

அந்தக் கேள்வியைப் பார்த்ததும் எனக்கு எஸ்பன்யோலா தீவின் ஒரு காலை நினைவுக்கு வந்தது. அதற்காகத்தான் இந்த மடல்.

அந்தத் தீவின் புன்டா சுவாரெஸ் முனையில் இறங்கியிருந்தோம். பாதை என்பது அங்கே கருங்கற்களுக்கு நடுவே குச்சிகள் நட்டு அடையாளம் போட்ட ஓர் ஒற்றையடித் தடம். நீலக்கால் பூபி என்ற கடற்பறவைகளுக்கு அந்தத் தடம் தெரியாதே, பாதையின் ஓரத்திலேயே முட்டையிட்டிருந்தன. கூடு என்று எதுவும் கிடையாது. வெறும் தரை, சுற்றிலும் எச்சத்தால் ஆன வெள்ளை வளையம், நடுவில் இரண்டு முட்டை. அவற்றின் மேல் தன் நீலப் பாதங்களை வைத்துச் சூடேற்றிக்கொண்டு நிற்கிறது பறவை. பெரும்பாலான பறவைகளுக்கு அடைகாக்கும்போது வயிற்றில் இறகு உதிர்ந்து தோல் வெளியே தெரியும், அந்தச் சூட்டில் முட்டை பொரியும். பூபிக்கு அது இல்லை, பாதம்தான் எல்லாம். வெயில் ஏறியதும் அதே பறவை நிழல் தரும் குடையாகிவிடுகிறது. அது எழுந்து நகர்ந்தால் முட்டை நேராக வெயிலில் கிடக்கும்.

எங்கள் குழுவில் ஒருவர் கைபேசியை நீட்டியபடி குனிந்தார். இன்னும் குனிந்தார். பறவைக்கும் கைபேசிக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. வழிகாட்டி மெல்லிய குரலில், “இரண்டு மீட்டர், தயவுசெய்து” என்றார். குனிந்தவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். “இதற்குப் பயமே இல்லையே, பாருங்கள்” என்றார். வழிகாட்டி இன்னொரு முறை சொன்னார், இன்னும் மெல்லிய குரலில். பறவை எழுந்து நின்றது, இரண்டடி தள்ளிப் போனது. படம் எடுத்து முடித்து அவர் நகர்ந்த பிறகும் அது உடனே திரும்பவில்லை. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு நிமிடம். முட்டைகள் அவ்வளவு நேரமும் வெயிலில் கிடந்தன. நானும் வாயைத் திறக்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

“பயமே இல்லை” என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். நீங்கள் விற்பது அதைத்தான்.

1835 செப்டம்பரில் டார்வின் இந்தத் தீவுகளுக்கு வந்து ஐந்து வாரம் இருந்தார். அவரும் இதைக் கவனித்தார். கிளையில் உட்கார்ந்திருந்த ஒரு பருந்தைத் துப்பாக்கி முனையால் தள்ளிவிட முடிந்தது என்று எழுதிவைத்திருக்கிறார். கடலில் நீந்தி மேயும் பெரிய பல்லியான கடல் இகுவானா ஒன்றைப் பிடித்து நீர்க்குட்டைக்குள் தூக்கி எறிந்தார். அது நேராக நீந்தி அவர் நின்ற இடத்துக்கே வந்தது. மறுபடி எறிந்தார், மறுபடி வந்தது. அவர் சொன்ன விளக்கம் எளிமையானது. அந்த இகுவானாவுக்குக் கடலில் சுறா உண்டு, கரையில் எதிரி என்று எதுவும் இருந்ததில்லை. ஆபத்து வந்தால் கரைக்கு ஓடு என்பது அதன் உடம்பில் எழுதியிருக்கிறது. தன்னைத் தூக்கி எறியும் ஆளே கரையில் நிற்கிறான் என்பதை அறிய அதற்கு வழி இல்லை.

ஆமைகளுக்கும் அதே கதைதான், ஆனால் முடிவு கொடுமையானது. திமிங்கில வேட்டைக் கப்பல்களும் மற்றவர்களும் இந்தத் தீவுகளிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ராட்சத ஆமைகளைத் தூக்கிப் போயிருப்பார்கள் என்று கணக்கிடுகிறார்கள். தண்ணீரும் தீனியும் இல்லாமல் மாதக்கணக்கில் கப்பலின் அடித்தட்டில் உயிரோடு கிடக்கும் என்பதால் அவை நல்ல சரக்கு. அவை ஓடவில்லை, ஓட முடியவும் இல்லை. நாங்கள் நின்ற அதே எஸ்பன்யோலாவில் 1960களிலும் 70களின் தொடக்கத்திலும் தேடியபோது பன்னிரண்டு பெண் ஆமைகளும் இரண்டு ஆண் ஆமைகளும்தான் மிஞ்சியிருந்தன. சான் டியேகோ விலங்குக்காட்சி சாலையிலிருந்து டியேகோ என்ற மூன்றாவது ஆணைக் கொண்டுவந்து, அரை நூற்றாண்டு வளர்த்து, அந்தப் பதினைந்தையும் 2020 ஜூனில் மறுபடி அந்தத் தீவில் விட்டார்கள். அதற்குள் தீவில் அவற்றின் வழிவந்த ஆமைகள் இரண்டாயிரத்துக்கு மேல். எவ்வளவு பேருடைய வாழ்நாள் உழைப்பு அது!

ஆக, ஓடாமல் இருப்பது பயமின்மை இல்லை. பயப்படக் கற்றுக்கொள்ளாதது. இரண்டும் ஒன்றல்ல.

இதை ஆராய்ச்சியாளர்கள் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். மனிதரையே பார்த்திராத கடல் இகுவானாக்களை ஒரு ஆள் துரத்தினால் அவற்றின் இரத்தத்தில் பதற்றத்தின் ஹார்மோன் ஏறவில்லை. ஆனால் ஒரே ஒரு முறை பிடித்து விட்ட பிறகு அது ஏறியது. ஓடத் தொடங்கும் தூரமும் கொஞ்சம் கூடியது, தப்பிக்கப் போதுமான அளவுக்கு இல்லை என்றாலும். சுற்றுலாப் பயணிகள் அதிகம் வரும் இடங்களில் வாழும் இகுவானாக்களின் உடம்பு வேறு மாதிரி நடந்துகொள்கிறது, நோய் எதிர்ப்புத் திறன் குறைந்திருக்கிறது என்றும் பின்னால் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. கருங்கல் மேல் படுத்து, மூக்கால் உப்புநீரைப் பீய்ச்சிக்கொண்டு, எப்போதும் போலத்தான் இருக்கும். கைபேசியோடு குனிபவர் கண்ணுக்கு அது “கண்டுகொள்ளவே இல்லை” என்றுதான் தெரியும்.

கடற்சிங்கக் குட்டிகளைச் சொல்லாமல் விட முடியாது. மணலில் தனியாகக் கிடக்கும் குட்டியைப் பார்த்ததும் கை நீளும், எனக்கே நீண்டது. தாய் மீன் பிடிக்கப் போயிருக்கும். திரும்பி வந்து நூறு குட்டிகளுக்கு நடுவே தன்னுடையதைக் குரலாலும் வாசனையாலும்தான் கண்டுபிடிக்கும். அந்த வாசனையில் நம் கை எதற்கு?

இரண்டு மீட்டர் என்பது கலாபகோஸ் தேசியப் பூங்காவின் விதி. உங்களுக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும். ஒரு வழிகாட்டிக்குப் பதினாறு பேருக்கு மேல் கூடாது, குச்சி நட்ட பாதையை விட்டு விலகக் கூடாது, ஃபிளாஷ் கூடாது, ஒரு கப்பல் ஒரே இடத்துக்குப் பதினான்கு நாளுக்குள் திரும்ப வரக் கூடாது. 1959-இல் தேசியப் பூங்காவாக அறிவித்ததிலிருந்து ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கட்டிய ஒழுங்கு இது. 2007-இல் யுனெஸ்கோ இந்தத் தீவுகளை ஆபத்திலுள்ள பாரம்பரியக் களங்களின் பட்டியலில் சேர்த்தது, 2010-இல்தான் எடுத்தது. 2023 செப்டம்பரில் பறவைக் காய்ச்சல் இங்கேயும் வந்தபோது சில இடங்களை மூட வேண்டியிருந்தது. தள்ளி நிற்பது மரியாதைக்காக மட்டும் என்று இனி யாரும் சொல்ல முடியாது.

விதி நன்றாகவே இருக்கிறது. அதைச் சொல்ல வேண்டிய மனிதரை எந்த இடத்தில் நிறுத்தியிருக்கிறோம் என்பதுதான் என் கவலை.

வழிகாட்டி பூங்காவின் உரிமம் பெற்றவர். அவர் இல்லாமல் நாங்கள் கரையில் கால் வைக்க முடியாது. அந்த வகையில் அவர் காவலர். ஆனால் அவருக்குச் சம்பளம் உங்களிடமிருந்து வருகிறது, சம்பளத்துக்கு மேல் வருவது எங்கள் உறையிலிருந்து வருகிறது. அடுத்த பயணத்துக்கு அவரைக் கூப்பிடுவதா என்பதை எங்கள் தாளைப் பார்த்து நீங்கள் முடிவு செய்கிறீர்கள். அந்தத் தாளில் ‘எவ்வளவு அருகில்’ என்று கேட்டிருக்கிறீர்கள். எங்களைத் தள்ளி நிறுத்துவது அவர் வேலை, நெருங்க விட்டால் அவருக்கு ஐந்து மதிப்பெண். எஸ்பன்யோலாவில் இரண்டாவது முறை சொன்னபோது அவர் குரல் ஏன் தாழ்ந்தது என்று எனக்கு அந்த மேசையில்தான் புரிந்தது.

அவரைக் குறை சொல்லவே மாட்டேன். நான் பார்த்த மிகச் சிறந்த ஆசிரியர்களில் ஒருவர் அவர். ஒரு மாலை, ஃபெர்னாண்டினா தீவில், அவர் செய்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

ஃபெர்னாண்டினா இந்தக் கூட்டத்திலேயே இளைய தீவு. தீவுகளைப் பிறப்பிக்கும் நெருப்பு ஊற்று மேற்கே இருக்கிறது, பூமித்தட்டு அதன் மேல் கிழக்கு நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கிறது. அதனால் கிழக்கே போகப் போகத் தீவுகளுக்கு வயது கூடும். எஸ்பன்யோலா தேய்ந்து தட்டையாகிவிட்ட கிழவி. ஃபெர்னாண்டினாவின் எரிமலை 2024 மார்ச்சில்கூடக் குழம்பைக் கக்கியது. மனிதரோடு வந்த ஆடோ எலியோ பூனையோ குடியேறாத தீவு. அதன் மேற்குக் கரையில் ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது, அதனால் மீன் ஏராளம், அதனால் பூமத்திய ரேகையிலேயே பென்குயின் வாழ்கிறது. பறக்க மறந்த நீர்க்காகமும் அங்கேயும் பக்கத்து இசபெலா தீவின் கரையிலும்தான். உலகத்தில் வேறெங்கும் கிடையாது, இருப்பவை ஏறக்குறைய இரண்டாயிரம்.

புன்டா எஸ்பினோசாவில் இறங்கியதும் வழிகாட்டி எங்களை ஒரு பாறையில் உட்கார வைத்தார். அரை மணி நேரம் யாரும் எழக் கூடாது, படம் எடுப்பதும் பிறகுதான் என்றார். முதல் ஐந்து நிமிடம் எல்லோரும் நெளிந்தோம். அப்புறம் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கியது. எதிரே பாறை என்று நினைத்தது பாறை இல்லை, நூற்றுக்கணக்கான இகுவானாக்கள் ஒன்றன் மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. ஒரு நீர்க்காகம் கடலிலிருந்து ஏறி வந்தது, அலகில் ஈரமான கடற்பாசி. கிழிந்த விசிறி போன்ற அந்தக் குட்டைச் சிறகுகளை விரித்து உலர்த்தியது, பிறகு கூட்டிலிருந்த துணையிடம் பாசியைக் கொடுத்தது. துணை வாங்கி, ஓரிடத்தில் வைத்து, பிடிக்காமல் எடுத்து வேறிடத்தில் வைத்தது. எங்களுக்கும் அவற்றுக்கும் நடுவே ஐந்தாறு மீட்டர் இருக்கும். எஸ்பன்யோலாவில் குனிந்தவர் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அவர் கைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டிருந்தார். படகுக்குத் திரும்பும்போது, “இதுதான் இந்தப் பயணத்திலேயே சிறந்தது” என்று வழிகாட்டியிடம் அவரே சொன்னார்.

இதை உங்களிடம் அழுத்திச் சொல்கிறேன். கெட்ட மனிதர் இல்லை அவர். எப்படிப் பார்ப்பது என்று முதல் நாளே யாராவது காட்டியிருந்தால் அந்த முட்டைகள் வெயிலில் கிடந்திருக்காது.

சிறு கப்பல்களைத்தான் நான் நம்புகிறேன். நூறு பேர் ஏறும் கப்பலில் இந்த அரை மணி நேரம் கிடைத்திருக்குமா, தெரியவில்லை. பதினாறு பேரும் மூன்றாம் நாளுக்குள் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோம், கேப்டன் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார். ஒரு வார்த்தை சொன்னால் எல்லோருக்கும் போய்ச் சேரும் இடம் அது. அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

முதலில் அந்தக் கேள்வியை எடுத்துவிடுங்கள். வேண்டுமென்றால், “வழிகாட்டி உங்களைத் தள்ளி நிறுத்தினாரா?” என்று கேளுங்கள். ஆம் என்பதற்கு அவருக்கு மதிப்பெண் கொடுங்கள். உங்கள் விளம்பரங்களில் கடற்சிங்கத்தின் மூக்கோடு மூக்கு வைத்துக்கொண்டு சிரிக்கும் படங்கள் வேண்டாம். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வருபவர் அதைத்தான் தேடுவார், அதற்குத்தான் பணம் கட்டியதாகவும் நினைப்பார்.

உறை விஷயம் கடினம், தெரியும். டிப்ஸ் அவர்கள் குடும்பத்துக்குப் போகிற பணம், அதை நிறுத்துங்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் வழிகாட்டிக்கு மட்டுமாவது அதைப் பயணக் கட்டணத்திலேயே சேர்த்து, சம்பளமாகக் கொடுக்க முடியுமே. 2024 ஆகஸ்டில் பூங்கா நுழைவுக் கட்டணம் 100 டாலரிலிருந்து 200 டாலராக உயர்ந்தது, வெளிநாட்டவர் கட்டிக்கொண்டுதான் வருகிறோம். காவலரின் குரல் தாழாமல் இருக்க இன்னும் கொஞ்சம் கட்டமாட்டோமா?

இன்னொன்று, இதுதான் முக்கியம். இரண்டு முறை சொல்லியும் கேட்காதவரை அடுத்த இறங்குதலில் கப்பலிலேயே இருக்கச் சொல்லும் அதிகாரத்தை வழிகாட்டிக்குக் கொடுங்கள். அதை முன்பதிவின்போதே எழுத்தில் சொல்லுங்கள், முதல் மாலை கேப்டன் தன் வாயால் எல்லோர் முன்னாலும் சொல்லட்டும். பணம் கட்டியவரைக் கரைக்கு விடாவிட்டால் சண்டை வரும் என்பீர்கள். வரலாம். ஆனால் அப்படி ஒரு அதிகாரம் இருக்கிறது என்று தெரிந்தாலே பெரும்பாலும் அதைப் பயன்படுத்த வேண்டி வராது. எங்கள் பதினாறு பேரில் பதினைந்து பேர் அன்று வழிகாட்டி உறுதியாகச் சொல்ல மாட்டாரா என்றுதான் காத்திருந்தோம்.

நான் அந்தத் தாளில் ‘எவ்வளவு அருகில்’ என்ற கேள்விக்கு மதிப்பெண் போடவில்லை. பின்பக்கம் திருப்பி, பூபியைப் பற்றியும் நான்கு நிமிடத்தைப் பற்றியும் ஃபெர்னாண்டினாவின் அரை மணியைப் பற்றியும் எழுதிக் கொடுத்தேன். யாராவது படித்தார்களா என்று தெரியாது, அதனால்தான் இப்போது எல்லோரும் பார்க்க எழுதுகிறேன்.

எஸ்பன்யோலாவுக்கு மறுபடி வர வேண்டும். ஏப்ரலுக்கும் டிசம்பருக்கும் நடுவே வந்தால் அல்பட்ராஸ் என்ற பெரிய கடற்பறவைகளைப் பார்க்கலாம் என்றார் வழிகாட்டி. காசு சேர்த்துக்கொண்டிருக்கிறேன். முன்பணம் கட்டும் முன் உங்களுக்கு எழுதி ஒன்றே ஒன்று கேட்பேன்: கரையில் கடைசி வார்த்தை யாருடையது, பயணியுடையதா, வழிகாட்டியுடையதா? பதிலைப் பார்த்துத்தான் கப்பலைத் தேர்ந்தெடுப்பேன்.

அன்புடன்,
உங்கள் பழைய பயணி ஒருவர்