டைப்ரைட்டர் இருக்கிற அறை

அன்புள்ள பாப்பா,

இங்கே எல்லோரும் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நானாக வைத்துக்கொள்கிறேன், வாட்ஸ்அப்பில் நீலக்கோடு விழுவதோடு சரி, பதில்தான் வருவதில்லை. தீபாவளிக்குப் பணம் வந்தது. பணமா கேட்டேன்? சரி, விடு. சேலம் சித்தி போன வாரம் பேசினாள், என்னென்னவோ சொன்னாள், அவள் பேச்சில் பாதியைத்தான் நான் எடுத்துக்கொள்வேன் என்று உனக்குத் தெரியும். இராத்திரி படுக்கும் முன் வாசல் கதவை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுப் படு.

எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு. மாடிக்குப் புதிதாக வந்திருக்கிற குடும்பத்தில் காலேஜ் படிக்கிற பையன் ஒருவன் இருக்கிறான். நீ ஆடுவாயே, பிணமெல்லாம் எழுந்து நடக்கிற ஆட்டம், ரெசிடென்ட் ஈவில் இரண்டு என்கிற வீடியோ கேம், அதைத்தான் ஆடுகிறான். 1998-ல் வந்ததை 2019-ல் கேப்காம்காரர்கள் புதிதாகச் செய்து விட்டிருக்கிறார்களாம், அப்படியே சினிமா மாதிரி இருக்கிறது. கறிவேப்பிலை கொடுக்கப் போனவள் நின்று பார்த்தேன், அப்புறம் முருங்கைக்கீரையை எடுத்துக்கொண்டு போய் ஆய்ந்துகொண்டே நாலு சாயங்காலம் உட்கார்ந்து பார்த்தேன். சிரிக்காதே.

அந்தக் காலத்தில் உன்னிடம் எத்தனை தடவை கேட்டிருப்பேன், பயந்து சாவதற்கு யாராவது உட்கார்ந்து ஆடுவார்களா என்று. நீ தோளைக் குலுக்குவாய். அவனிடமும் அதையே கேட்டேன். ஆன்ட்டி, இதில் பயத்துக்குக் கணக்கு இருக்கிறது என்றான். துப்பாக்கிக் குண்டு இத்தனைதான், பையில் ஆரம்பத்தில் எட்டே இடம், எதை எடுப்பது எதை விடுவது என்று ஒவ்வொரு தடவையும் யோசிக்க வேண்டும். எதிரே வருகிற எல்லாவற்றையும் சுட்டுத் தள்ளிவிட முடியாது, சிலதைச் சுற்றிக்கொண்டு ஓடத்தான் வேண்டும். அடிபட்டால் பச்சிலை. சிவப்பு இலையைத் தனியாகத் தின்றால் ஒன்றுமில்லை, பச்சையோடு கலந்தால் முழுக்கத் தேறிவிடலாம். ஒரு அறைப் பெட்டியில் போட்ட சாமானை இன்னொரு அறைப் பெட்டியில் எடுத்துக்கொள்ளலாம், அப்படி ஒன்று நம் வீட்டில் இருந்தால் எனக்குப் பரணில் ஏறுகிற வேலை மிச்சம்.

அந்த டைப்ரைட்டரைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆட்டம் எதுவரை வந்தது என்று பதிந்துவைக்க டைப்ரைட்டரிடம் போக வேண்டும், கஷ்டமான முறையில் ஆடினால் அதற்கு ரிப்பன் வேண்டும், ஒரு தடவை பதிந்தால் ஒரு ரிப்பன் காலி. அது எந்த ஊர் ரிப்பனோ. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணியவள் நான், ஒரே ரிப்பனை மாற்றி மாற்றி ஓடவிட்டு எழுத்து சாம்பலாகிற வரை அடித்திருக்கிறேன். நீ ஆடிய பழைய ஆட்டத்தில் எப்படி ஆடினாலும் ரிப்பன் இல்லாமல் நடக்காதாமே. அந்த ஆட்டத்தில் லியோன் என்கிறவன் கதை, கிளேர் என்கிறவள் கதை இரண்டையும் என் மகள் முடித்தவள் என்றேன், நிஜமாகவா ஆன்ட்டி என்று நிமிர்ந்து உட்கார்ந்தான். இரண்டு டிஸ்க்கும் பிஸ்கட் டின்னில் பத்திரமாக இருக்கின்றன என்றும் சொன்னேன். நீ முதல் கார் வாங்கியபோதுகூட நான் அப்படிச் சொல்லித் திரியவில்லை.

ஆபீஸ் போகும்போது மோர் கொண்டு போகிறாயா? இராத்திரி நேரம் கழித்து வந்தால் லிஃப்டில் தனியாக ஏறாதே. கதவு விஷயம் மேலேயே எழுதிவிட்டேன்.

அந்த ஆட்டத்தில் மிஸ்டர் எக்ஸ் என்று ஒருவன் வருகிறானே, தொப்பியும் நீளக் கோட்டுமாக. அவனைக் கொல்ல முடியாது. எத்தனை சுட்டாலும் கொஞ்ச நேரம் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டு மறுபடி எழுந்து வருவான். ஆள் கண்ணில் படுவதற்கு முன்னாலேயே பூட்ஸ் சத்தம் கேட்கும், மாடியில் நடக்கிறானா பக்கத்து அறையிலா என்று அந்தப் பையன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிறான். எனக்கு ஒன்றும் கஷ்டமாக இல்லை, அவனுக்கு முன்னால் நானே சொல்லிவிட்டேன், இந்தப் பக்கம் வருகிறான் பார் என்று. எப்படி ஆன்ட்டி என்று கேட்டான். வண்டியை ஸ்டாண்டு போடுகிற சத்தத்திலேயே அன்றைக்கு இராத்திரி எப்படி என்று கண்டுபிடித்த வீடு நம்முடையது, அதை அவனிடம் எப்படிச் சொல்வது.

அப்பாவுக்குச் சர்க்கரை ஏறி இறங்குகிறது. கால் புண் ஆறவில்லை. இப்போது சத்தமே கிடையாது, டிவியைக்கூட மெதுவாகத்தான் வைக்கிறார்.

போலீஸ் ஸ்டேஷன் நடு ஹாலைத் தவிர, டைப்ரைட்டர் இருக்கிற அறைக்குள் எக்ஸ் வர மாட்டான் என்றான் பையன். வேறு எதுவும் வராது, அதுதான் சட்டம். பழைய ஆட்டத்தில் அந்த அறைக்கென்று ஒரு மெட்டு உண்டு என்று போனில் போட்டுக் காட்டினான். உன் அறைக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று எத்தனையோ இராத்திரி கேட்ட மெட்டு. அந்த அறையிலேயே ஏன் இவ்வளவு நேரம் நிற்கிறாள், ஆடாமல் மெட்டைக் கேட்டுக்கொண்டிருக்கிறாளே, பரீட்சையை வைத்துக்கொண்டு, என்று அன்றைக்குத் திட்டியிருக்கிறேன்.

அந்த ஆட்டத்தில் ஷெரி என்று ஒரு சின்னப் பெண் வருகிறாள். அவள் அப்பா தனக்குத்தானே மருந்தை ஏற்றிக்கொண்டு மிருகமாகிப் பெற்ற பெண்ணையே துரத்துகிறான். அம்மா அவளைப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகச் சொல்லிவிட்டுத் தன் வேலையோடு இருந்துவிடுகிறாள். வேஸ்ட் அம்மா ஆன்ட்டி இவள், என்றான் பையன். நான் கீரையை எடுத்துக்கொண்டு கீழே வந்துவிட்டேன்.

நீ பன்னிரண்டாவது படிக்கும்போது உன் அறைத் தாழ்ப்பாளைக் கழற்றியது அப்பா சொல்லித்தான் என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருப்பாய். நானும் அப்படியே விட்டுவிட்டேன். அவர் சொல்லவில்லை. அவர் நடுராத்திரி வந்து உன்னை எழுப்பி உட்காரவைத்து மார்க்கைப் பற்றி இரண்டு மணி வரை பேசுவார், நீ தாழ் போட்டிருந்தால் கதவை இடிப்பார், இடிக்கிற சத்தம் அப்போது மாடியில் இருந்தவர்களுக்குக் கேட்டது, மறுநாள் படிக்கட்டில் அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பொறுக்கவில்லை. அவர் ஆபீஸ் போன நேரத்தில் ஆசாரியை வரவழைத்து நான்தான் கழற்றச் சொன்னேன். சத்தம் வராமல் கதவு திறந்துவிடும், அவ்வளவுதான் யோசித்தேன் பாப்பா. உள்ளே படுத்திருப்பது யார் என்று யோசிக்கவில்லை. அன்றிலிருந்து நீ நாற்காலியைக் கதவோரம் நகர்த்தி வைத்துவிட்டுப் படுத்ததும் எனக்குத் தெரியும்.

மாப்பிள்ளையைப் பற்றி நான் கேட்கவில்லை. சித்தி சொன்னது ஒற்றைப் படுக்கையறை வீடு, மூன்றாவது மாடி என்று. மூன்றாவது மாடி நல்லதுதான், காற்று வரும். உள்பக்கம் தாழ்ப்பாள் பித்தளையா இரும்பா என்று பார்.

கூழ்வடகமும் பருப்புப் பொடியும் கட்டி வைத்திருக்கிறேன். ஆட்டம் பதிந்த உன் மெமரி கார்டையும் துணியில் சுற்றி நடுவில் வைத்திருக்கிறேன், எதற்கு ஆகும் என்று தெரியாது, உன்னுடையது உன்னிடம் இருக்கட்டும். கூரியர்காரர் சரியான முகவரி கேட்கிறார். எந்த முகவரிக்கு அனுப்புவது என்று மட்டும் ஒரு வரி அடி.

அம்மா